வெற்றிலை மாற்றுவதற்கு முந்தின மாலை

எனக்குக் கால் சும்மா இருக்காது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் கட்டைவிரல் தரையைக் கிளறும். சின்ன வயதில் அம்மா தொடையில் கிள்ளிப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் முறைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மனசும் அப்படித்தான். ஒரு விஷயம் உள்ளே நுழைந்துவிட்டால் அதைக் கொட்டித் தீர்க்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட என்னை, சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாலை முழுக்கச் சேலத்தைச் சுற்றிப் பார்த்துச் சந்தோஷமாக இருக்கச் சொன்னார்கள்.

மேட்டூர் அணை கட்டி முடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. எங்களுக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்கால். வெற்றிலைதான் பிழைப்பு, ஓரத்தில் கொஞ்சம் வாழை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. ஏழாம் வருஷம் வரைக்கும் ஊரில் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். அதற்கப்புறம் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் பேச ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் மாமியாரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து விதைக் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தோம். அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேச்சை எடுத்தார்.

“அவனும் சரீன்னுட்டான் அம்மிணி. வெளியாளு யாரும் வேண்டாம், உன்ற தங்கச்சியவே கேக்கலாமுன்னு உங்க மாமன் சொல்றாங்க. கூடப் பொறந்தவன்னா உனக்கும் தொணையாச்சு. நீ என்ன சொல்றே?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் புருஷனுக்கு இரண்டாம் தாரமாக என் தங்கச்சியைக் கேட்கிறார்கள் என்று விளங்கியதும் கையிலிருந்த கடலை தோலோடு நசுங்கிப்போனது. அப்போது நான் ஒரே ஒரு வார்த்தை, ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் நாக்கு எப்போதும் நேர் வழியில் போகாது.

“அவருக்கே இஷ்டம்னா அப்பறம் என்னைய எதுக்குங்கத்தெ கேக்கறீங்க?” என்றேன்.

“அதான, நீ நல்ல புள்ள” என்று மாமியார் முறத்தைத் தட்டி எழுந்து போனார். என் கோபத்தை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார் என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை என் அப்பா வீட்டுக்குப் போய்ப் பேசுவது என்று சாயங்காலம் காதில் விழுந்தது.

இதை என் வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று இன்றைய பெண்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் பகலில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை ஒன்றும் கிடையாது, அதற்குப் பெயர் மரியாதை. அவருக்கு ரசம் வேண்டுமென்றால் தன் அம்மாவிடம் சொல்வார், அம்மா என்னிடம் சொல்வார். எனக்குச் சோப்பு தீர்ந்துவிட்டால் நான் மாமியாரிடம் சொல்வேன், அவர் மகனிடம் சொல்வார். ஒன்பது வருஷமாக எங்கள் இருவருக்கும் நடுவே மாமியார்தான் தபாலாபீஸ். ராத்திரியில் பேசலாம். ஆனால் அந்த வியாழனும் வெள்ளியும் வாய்க்கால் தண்ணீர் எங்கள் முறை. இரண்டு ராத்திரியும் அவர் கொடிக்காலில் மண்வெட்டியோடு நின்றார்.

வெள்ளிக்கிழமை மாமியாரே வந்து சொன்னார். “நாளைக்கு அவன் காருக்கு டயர் வாங்கச் சேலம் போறான். நீயும் போயி ஒரு ராத்திரி இருந்து நல்லாச் சுத்திப் பாத்துட்டு வா சாமி. எப்பப் பாத்தாலும் இந்த ஊட்டுக்குள்ளயே கெடக்கறே.” அவர் குரலில் உண்மையான பிரியம் இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒன்பது வருஷத்தில் என்னை யாரும் ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பியதில்லை. சக்களத்தி வருவதற்கு முன்னால் எனக்குக் கொடுக்கிற மிட்டாய் இது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கார், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கித்தான் கூரை. ரப்பர் உருண்டையை அமுக்கினால் தவளை மாதிரிக் கத்தும் ஹாரன். முன்விளக்கு இரண்டில் ஒன்று எரியாது. என் வீட்டுக்காரருக்கு அதன் மேல் உயிர். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்பினோம். காரில் நாங்கள் இரண்டே பேர். இதைவிட வசதி கிடைக்காது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அவர் பக்கத்தில் பெண்டாட்டி உட்காருவதாவது? நாமக்கல் வரைக்கும் வழியெல்லாம் அவர் சொந்தக்காரர்கள், நாமக்கல்லைத் தாண்டினால் என் சொந்தக்காரர்கள், சேலத்தில் இரண்டு பக்கத்தாரும் இருந்தார்கள். ஆகவே அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் இரைச்சல். கப்பி ரோட்டில் அந்த வண்டி போடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நாமக்கல் தாண்டியதும் ஒரு கல் தூரம் ஆள் நடமாட்டம் இல்லை. நான் முன்னால் சாய்ந்து, “ஏனுங்க, ஒரு வார்த்தை பேசோணும்” என்று கத்தினேன். ஏதோ சொல்கிறேன் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இறங்கித் திரும்பி, “என்ன அம்மிணி?” என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ‘ஆமாம், எனக்கும் ஆசைதான்’ என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? என் கோபமெல்லாம் அந்தப் பயத்தின் மேல் போட்டு மூடிய துப்பட்டிதான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கடலைக் காட்டிலிருந்து ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே வந்தார். எனக்குப் பெரியப்பா முறை.

“மாப்ளெ, காரு ரிப்பேருங்களா?”

“இல்லீங்க மாமா, சும்மா தண்ணி ஊத்தலாம்னுதான்.”

பிறகு தேவையே இல்லாமல் காருக்குத் தண்ணீர் ஊற்றினார். பெரியப்பா கால் மணி நேரம் டயரையெல்லாம் தட்டிப் பார்த்தார். நான் பின்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ராசிபுரம் பக்கம் என் அப்பா ஊருக்குப் பிரிகிற வண்டித்தடம் வந்தது. எப்போதும் அங்கே ஒரு நிமிஷமாவது வேகம் குறைப்பார். அன்றைக்கு ஹாரனை அமுக்கிக்கொண்டு விர்ரென்று தாண்டினார். நான் திரும்பி அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு போனேன். தங்கச்சிக்குப் பதினேழு வயது. அவளுக்கு நடை பழக்கியதே நான்தான்.

சேலத்தில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. அங்கே போனால் ஆண்களுக்கு மொட்டைமாடி, பெண்களுக்கு உள்ளறை. ஆகவே எனக்கு இருந்தது அந்த ஒரு மாலைதான். பையை அங்கே வைத்துவிட்டுக் கிளம்பினோம். அவர் சரிகை வேட்டி, கோட்டு, கையில் குடை என்று மாப்பிள்ளை மாதிரி இருந்தார். விசில் வேறு அடித்தார். எங்கள் வீட்டில் விசிலடித்தால் மாமனார் கம்பை எடுத்துவிடுவார்.

முதலில் காப்பி ஹோட்டல். வாசலிலேயே எங்களைப் பிரித்துவிட்டார்கள். ஆண்களுக்குப் பெரிய கூடம், பெண்களுக்குத் திரை போட்ட பின்னறை. நான் பளிங்குக் கல் மேஜை முன்னால் தனியாக உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் அல்வா கொண்டுவந்து வைத்தார். தின்று முடிப்பதற்குள் திரும்ப வந்து, “இன்னொரு அல்வா வெக்கச் சொல்லி ஐயா சொன்னாங்க” என்றார். அதற்கப்புறம், “தோசை முறுவலா வேணுமா மெத்துன்னு வேணுமான்னு ஐயா கேக்கறாங்க.” அதற்கப்புறம், “காப்பியில சர்க்கரை போதுமான்னு கேக்கறாங்க.” ஊரில் மாமியார், சேலத்தில் இந்த மனிதர். இவரிடமே சொல்லி அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது: ஐயாகிட்டச் சொல்லுங்க, அம்மாவுக்கு ஒரு காப்பி வேணும், சக்களத்தி வேண்டாம்.

உள்ளபடி சொன்னால் அல்வா அருமையாக இருந்தது. இரண்டையும் தின்றேன்.

அப்புறம் கடைவீதி. அவர் பத்தடி முன்னால் நடந்தார், நான் பின்னால். மின்சார விளக்குகளை அப்போதுதான் ஏற்றியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சீப்பும் பவுடரும் வாசனைத் தைலமும் பளபளத்தன. கூட்டத்தில் இடித்துக்கொண்டு நடந்தது எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் என்னைத் தெரியவில்லை. குழந்தை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கடையில் அவர் நின்று, கல் வைத்த கொண்டைச் சீப்பு ஒன்றை எடுத்து என் பக்கம் காட்டி, நல்லா இருக்கிறதா என்று புருவத்தைத் தூக்கினார். நான் தலையை ஆட்டினேன். அவர் கடைக்காரரிடம், “இதே மாதிரி ரெண்டு குடுங்க” என்றார்.

இரண்டு. எனக்கு எதற்கு இரண்டு? ஒரு தலைக்கு ஒரு கொண்டைதான். அந்தக் கடைவீதி வெளிச்சமெல்லாம் எனக்கு மங்கிப்போயிற்று. எனக்கொன்று அவளுக்கொன்று என்று இப்போதே கணக்குப் போட்டு வாங்குகிறார், அதனால்தான் விசில், அதனால்தான் சரிகை வேட்டி என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நேரத்தில் அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. என் தங்கச்சியையும் பிடிக்கவில்லை. அது இன்னும் கேவலம் என்று தெரிந்தும் பிடிக்கவில்லை.

ஆறரை மணிக்கு டாக்கி. நாங்கள் இருவரும் அதற்கு முன் டாக்கி பார்த்ததில்லை. அங்கேயும் வேறு வேறு வாசல். உள்ளே மார்பளவுச் சுவர் ஒன்று ஆண்களையும் பெண்களையும் பிரித்தது. பெண்கள் பக்கம் ஒரே குழந்தைகள் அழுகை, முறுக்கு வாசனை. திரையில் ராஜா பாடினார், ராணி பாடினாள், மந்திரியும் பாடினார். நடுவில் தொந்தி பெருத்த ஒருவன் வந்து வழுக்கி விழுந்தான். கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் அவர் சிரிப்பு தனியாகக் கேட்டது.

ஒன்பது வருஷத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. தன் அப்பா எதிரில் சிரிக்க மாட்டார், என் எதிரில் மெதுவாகச் சிரிப்பார். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம், இருட்டில், வயிறு குலுங்கச் சிரிக்கிறார். வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குக் கொள்ளை ஆசையாக இருந்திருக்கும். அன்றைக்கு அது காதில் ஈயத்தை ஊற்றியது. தொந்திக்காரன் மறுபடி விழுந்தான், அவர் மறுபடி சிரித்தார். நான் எழுந்துவிட்டேன். நாலைந்து பேர் காலை மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பெண்கள் வாசலில் சீட்டுக் கிழிக்கிற அம்மாளிடம், “எங்க ஊட்டுக்காரரக் கொஞ்சம் கூப்பிட்டுவிடுங்க” என்றேன்.

“பேரு சொல்லும்மா, கூப்பிடச் சொல்றேன்.”

புருஷன் பேரை எப்படிச் சொல்வது? “சரிகை வேட்டி கட்டியிருப்பாருங்க. கோட்டு போட்டிருப்பாரு. கையில குடை” என்றேன்.

“உள்ள பாதிப் பேரு அப்படித்தான் இருக்காங்க.”

“எல்லாரையும் விடப் பெருசாச் சிரிச்சிட்டு இருப்பாருங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மாள் எழுந்தார். ஆண்கள் வாசலுக்குப் போய்ச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் அவர் ஓடிவந்தார். மேல்துண்டு ஒரு பக்கம் தொங்கியது.

“என்ன அம்மிணி, ஒடம்புக்கு முடியலியா? மயக்கமா?”

“அதெல்லாம் இல்லீங்க. பாட்டுச் சத்தம் தலைய வலிக்குது.”

நான் எரிந்து விழுவேன் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டதும் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த மனிதரிடம் எரிந்து விழ வாய் வரவில்லை. தெரு முழுக்க ஜனம். சோடா விற்கிறவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியதை அங்கே சொல்ல முடியவில்லை. நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். எதிர்ச்சாரியில் ஒரு போட்டோக் கடை பளிச்சென்று விளக்குப் போட்டுத் திறந்திருந்தது.

“படந்தான் பாக்க முடியல. வா, நாம படம் புடிச்சுக்கலாம்” என்றார். தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

உள்ளே ஒரு சீலையில் தூணும் ஏரியும் அன்னமும் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி. போட்டோக்காரர் எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “நெருங்கி உக்காருங்க சார். இன்னும் கொஞ்சம். சம்சாரம்தானே” என்றார். தோளும் தோளும் உரசும்படி உட்கார்ந்தோம். பட்டப்பகல் மாதிரி விளக்கு. நான் அவர் பக்கத்தில் சரிசமமாக உட்கார்ந்தது மணவறைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

“அம்மா, கால் ஆடுது” என்றார் துணிக்குள்ளிருந்து.

நிறுத்தினேன். மறுபடி ஆடியது. “அம்மா, கால்.” நிறுத்தினேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை. அப்போது அவர், அந்த அந்நிய மனிதர் எதிரிலேயே, தன் கையை என் முழங்காலின் மேல் வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். கால் நின்றுவிட்டது.

“எனக்கு இஷ்டமில்லீங்க” என்றேன். கண்ணைக் கேமராவை விட்டு எடுக்காமல் சொன்னேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொல்லியிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

“எதுக்கு? போட்டோவுக்கா?”

“என்ற தங்கச்சிய நீங்க கட்டறதுக்கு.”

“பேசாதீங்க சார், அசைஞ்சுடும். மூச்சை அடக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு.”

அந்த மூன்று எண்ணிக்கை அளவுக்கு நான் எதற்கும் காத்திருந்ததில்லை. என் முழங்காலின் மேலிருந்த கை நகரவில்லை. மூடியைப் போட்டுவிட்டுப் போட்டோக்காரர், “ஒரு பிளேட் வீணாயிருக்கும், இன்னொண்ணு எடுத்தாறேன்” என்று உள்ளே போனார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

“நீதான கேட்டே?” என்றார்.

“நானுங்களா?”

“எங்கம்மா அப்பிடித்தான் சொல்லுச்சு. நீயே சரீன்னுட்டே, இனிமே நான் வேண்டாமுன்னு சொன்னா உனக்குத்தான் மனசொடஞ்சு போகுமுன்னு சொல்லுச்சு.”

“என்றகிட்டக் கேட்டப்ப, நீங்க சரீன்னுட்டதாச் சொன்னாங்க.”

“நான் எங்க சொன்னேன்? அம்மா பேச்செடுத்துச்சு, நான் சும்மா இருந்தேன்.”

எங்கள் வீட்டில் சும்மா இருப்பதற்குச் சம்மதம் என்று அர்த்தம். குத்தலாகப் பேசினாலும் சம்மதம் என்றுதான் அர்த்தம். இல்லை என்பதற்கு அந்த வீட்டில் வழியே வைக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமியார் பொய் சொன்னதாக இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் கேட்டது அப்படித்தான் கேட்டிருக்கும்.

“அப்ப அந்த ரெண்டு சீப்பு?” என்றேன். இதையும் கேட்காமல் விட என்னால் முடியவில்லை.

“உனக்கு மட்டும் வாங்குனா, தங்கச்சிக்கு வாங்கலையேன்னு உனக்குச் சங்கட்டமா இருக்குமுன்னு நெனச்சேன். நீ ஆசப்பட்டுக் கேட்ட காரியமாச்சேன்னுதான் காலையிலிருந்து நானும் சிரிச்சிட்டு இருக்கேன். எனக்கென்ன சந்தோசமா? டாக்கியில சிரிச்சது மட்டுந்தான் நெசம்” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நிம்மதியாக இருந்தது. அது சரியாக அரை நிமிஷம்தான் நீடித்தது.

“திங்கக்கெழம அவங்க போறதுக்குள்ள நாம போயி அத்தைகிட்டச் சொல்லிரலாமுங்க” என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். “திங்கக்கெழம கரிநாளுன்னு மாத்திட்டாங்க. நாளைக்குக் காலையில உங்க ஊட்டுல வெத்தல மாத்தறாங்க. எங்கய்யன் இன்னிக்குச் சாயங்காலமே பஸ்ஸுல போயிருப்பாரு. பேச்சு நடக்கற எடத்துல நாம ரெண்டு பேரும் இருக்கக் கூடாதுன்னுதான் நம்மள இங்க அனுப்புச்சாங்க. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அவர் ஏன் அந்த வண்டித்தடத்தில் நிற்காமல் பறந்தார் என்பது அப்போது தெரிந்தது. ஊர் கூடி வெற்றிலை மாற்றிவிட்டால் அது பாதிக் கல்யாணம். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் அழிவது எங்கள் பேர் இல்லை, அவள் பேர். போட்டோக்காரர் புதுப் பிளேட்டோடு வந்தபோது இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. நாங்கள் வாசலில் நின்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தோம். இப்போதே கிளம்பலாம் என்று நான் நின்றேன். ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் போனால் இரண்டு பேரும் வந்து சேர மாட்டோம், விடியற்காலையில் கிளம்பலாம் என்று அவர் சொன்னார். நடுத்தெருவில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், புருஷனோடு குரலை உயர்த்திப் பேசினேன். சோடாக்காரர் இப்போது வேலையையே விட்டுவிட்டுப் பார்த்தார்.

கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. அண்ணன் வீட்டுப் பெண்களுக்கு நடுவில் நான் கண்ணை மூடவே இல்லை. கிழக்கு வெளுக்கும்போது அவர் காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினார். நான் போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவர் என் பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஏறினார். வழியெல்லாம் என்ன சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று பேசிக்கொண்டே போனோம். பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வண்டியில்கூடப் பேச்சு கேட்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் அப்பா வீட்டு வாசலில் நாலு மாட்டு வண்டி அவிழ்த்துவிட்டிருந்தது. உள்ளே ஜமக்காளம் விரித்து, தட்டில் எங்கள் கொடிக்கால் வெற்றிலையையே அடுக்கி வைத்துக்கொண்டு நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்குப் போனார். தன் அப்பா எதிரில் நின்று, முதல் தடவையாகத் தன் வாயால், “எனக்கு வேண்டாமுங்கய்யா” என்றார். அந்தக் குரல் நடுங்கியது எனக்கு வாசல் வரைக்கும் கேட்டது. என் வாழ்க்கையில் அவரை அந்த ஒரு நிமிஷம் விரும்பியது மாதிரி அதற்கு முன்னும் விரும்பியதில்லை, பின்னும் இல்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனார் போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து போனார். மாமியார் ஆறு மாதம் எங்கள் இருவருக்கும் நடுவில் எந்தச் சேதியும் கொண்டுபோக மாட்டேன் என்று இருந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்கள் பகலிலேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். ஊர் சிரித்தது. எங்களுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. தங்கச்சிக்கு, பேச்சு நின்றுபோன பெண் என்ற காரணத்தால், இரண்டு வருஷம் ஒரு வரனும் வரவில்லை. அப்புறம் தம்மம்பட்டிக்கு அப்பால், மலையடிவாரத்தில், தாரம் இழந்தவர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். மனிதர் நல்லவர்தான். ஆனாலும் அந்த இரண்டு வருஷம் என் கணக்கில்தான் சேரும். வியாழக்கிழமை நான் சுற்றி வளைக்காமல் பேசியிருந்தால் அது நடந்திருக்காது.

அன்றைக்குக் கூடத்தில் இரைச்சல் கிளம்பியதும் நான் பின்கட்டுக்குப் போனேன். தங்கச்சி மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் பட்டுச் சேலையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். தலை நிறையப் பூ. அவள் கையைப் பிடித்தேன்.

“கண்ணு, இந்தப் பேச்சு வேண்டாமுன்னு அவரு உள்ள சொல்லிட்டு இருக்காரு. நாலு பேரு முன்னால உன்னைய இப்படி நிறுத்திட்டமேன்னு எங்க மேல கோவப்படாதே.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நீ அழுது கேட்டீன்னு சொன்னாங்கக்கா” என்றாள். “தங்கச்சி சரீன்னு சொன்னாத்தான் எனக்கு நிம்மதின்னு நீ சொல்லியுட்டதாச் சொன்னாங்க. உனக்காகத்தான் சரீன்னேன்.”

“நான் கேக்கல கண்ணு.”

“மாமா?”

“அவரும் கேக்கல.”

அவள் தலையிலிருந்த பூவை மெதுவாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் பெரியவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப யாருதாங்க்கா கேட்டாங்க?” என்றாள்.